பிளேடை விடு, கிளாம்பைப் பாரு

மாப்ள,

லெட்டர் வந்துச்சு. நான் நல்லாத்தான் இருக்கேன், முட்டி வலிதான் விடமாட்டேங்குது. புல்லுக் கட்ட, அதான் பேல, பிளாஸ்டிக் ஃபிலிமால சுத்துற பழைய பேல் ராப்பர் வாங்கினதுல ரொம்ப சந்தோஷம். ஆனா புது பிளேடு போட்டும் ஒவ்வொரு பேலுக்கும் ஃபிலிம் முனை நழுவிடுதுன்னு எழுதியிருக்கியே, பிளேடை விடு, அது பாவம்.

ஃபிலிம் கட்டருக்கு வெட்டுறது பாதி வேலைதான்டா, மீதி பாதி முனைய இறுக்கிப் புடிச்சு வச்சுக்கறது. பேல் சுத்தி முடிஞ்சதும் சின்ன சிலிண்டர் ஒண்ணு கைய இழுக்கும், அந்தக் கை அகலமா வர்ற ஃபிலிமைக் கயிறு மாதிரி ஒண்ணாத் திரட்டி கிளாம்புல அழுத்தி கத்தில கொடுக்கும், அப்புறம் அடுத்த பேல் ஒண்ணு ரெண்டு சுத்து வந்து ஃபிலிம் மேல ஃபிலிம் ஒட்டுற வரைக்கும் கிளாம்ப் விடவே கூடாது. அவ்ளோ நேரம் அந்த சிலிண்டர்ல ஆயில் பிரஷர் நிக்கணும்ல, அதுக்குத்தான் ஆயிலத் திரும்பிப் போக விடாத செக் வால்வு, சில மெஷின்ல பிரஷர சேத்து வைக்கிற, நைட்ரஜன் அடைச்ச அக்குமுலேட்டரும் இருக்கும். நீ என்ன பண்றன்னா, வெட்டினப்புறம் லீவரத் தொடாம தள்ளி நின்னு கிளாம்பையே பாரு. மெதுவா தானா திறந்தா சீலோ செக் வால்வோ போச்சு. திறக்காமலே ஃபிலிம் வழுக்குதுன்னா கிளாம்ப் வாய்ல அழுக்கும் ஃபிலிம் பசையும் ஏறியிருக்கும், துடைச்சாலே போதும். வெட்டாம இழுத்துகிட்டே போனா மட்டும் கத்திய சந்தேகப்படு, அப்பவும் ஃபிலிம் விறைப்பா இருக்கான்னு பாத்துக்கோ, தொளதொளன்னு இருந்தா எந்தக் கத்தியும் வெட்டாது.

கண்ட்ரோல் பெரிய மர்மம்லாம் இல்ல. ஸ்விட்ச் அமுக்கினா வால்வு மேல இருக்கற காந்தக் காயிலுக்கு கரண்ட் போகும், காயில் வால்வுக்குள்ள இருக்கற ஸ்பூல்ங்கற சின்ன உருளையத் தள்ளும், ஸ்பூல் ஆயில வழி விடும். ஏதாவது ஒண்ணு மட்டும் வேலை செய்யலன்னா பக்கத்து காயிலோட பிளக்க மாத்திக் குத்திப் பாரு, கோளாறும் கூடவே இடம் மாறினா வயரிங்தான், அங்கயே நின்னா காயிலோ ஸ்பூல்ல தூசியோ. மாத்திக் குத்தினா வேற கை ஆடும், கிட்ட யாரும் நிக்கக்கூடாது. ஆயில் ஓவரா சூடாகுதுன்னு எழுதினியே, வால்வு பிளாக்ல ஒரு ஸ்க்ரூ இருக்கான்னு பாரு, ஆயில் எப்பவும் சுத்திகிட்டே இருக்கற ஓப்பன் சென்டர் ட்ராக்டருக்கு ஒரு மாதிரி, தேவைக்கு மட்டும் ஆயில் அனுப்பற லோட் சென்சிங்குக்கு வேற மாதிரி வைக்கணும், பழைய ஓனர் ட்ராக்டருக்கு வச்சது அப்படியே இருந்தா சூடாகத்தான் செய்யும்.

அப்புறம் சுத்து எண்ற கவுண்டர்ல எத்தனை வைக்கணும்னு. பேல் முழுசா மறையற வரைக்கும் பேல் உக்காந்து சுத்துற டேபிள் எத்தனை சுத்துன்னு எண்ணு, ஒண்ணு கூட்டு, ரெண்டால பெருக்கு. பாதிக்குப் பாதி ஓவர்லேப் வந்தா அதுல நாலு லேயர் கிடைச்சிடும், புல்லுத் தண்டு முரட்டா இருந்தா ஆறு லேயரே போட்டுரு.

ஹோஸ் லீக்கைக் கையால தடவாத, அட்டையப் புடிச்சுப் பாரு, அந்த பிரஷர்ல ஆயில் தோலுக்குள்ளயே ஏறிடும். கழட்டறதுக்கு முன்னாடி இன்ஜின ஆஃப் பண்ணி லீவர ரெண்டு பக்கமும் ஆட்டி பிரஷர விட்டுடு, அக்குமுலேட்டர் இருந்தா அதையும் தனியா காலி பண்ணணும்.

உன் ட்ராக்டர் எந்த வகைன்னு அடுத்த லெட்டர்ல எழுது, ஸ்க்ரூ எந்தப் பக்கம் திருப்பணும்னு பாத்துச் சொல்றேன்.