விடியக்காலை அஞ்சு மணிக்கு வந்து பாருங்கள் என்றவருக்கு

அன்புள்ள டெல்லித் தமிழ்ச் சொந்தங்களுக்கு,

மகள் கல்யாணம் நல்லபடியாக நடந்து முடிந்தது. சம்பந்தி வீட்டார் நேற்றுதான் ரயிலேறினார்கள். வீட்டில் இன்னும் பட்சண டப்பாக்கள் பிரிக்காமல் கிடக்கின்றன, எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. ஆனாலும் ஒரு காவலாளிக்கும் உங்களுக்கும் சொல்ல வேண்டிய நன்றியை இப்போதே எழுதிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் அப்படியே விட்டுப்போகும்.

பத்திரிகை அடித்த பிறகு மண்டபம் கைநழுவிய கதை உங்களில் பாதிப் பேருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மறுபடி அதைக் கிளற எனக்குத் தெம்பில்லை. அதற்கப்புறம் நடந்ததைச் சொல்கிறேன்.

தை மாதம் டெல்லியில் மண்டபம் தேடுவது என்னவென்று தேடினவர்களுக்குத்தான் தெரியும். நமக்கு மார்கழி ஆகாது; இங்குள்ளவர்களுக்கு அதே மாதம் கர்மாஸ், அவர்களும் கல்யாணம் வைப்பதில்லை. சூரியன் தனுசை விட்டு மகரத்துக்கு வந்ததும் இரண்டு கூட்டமும் ஒரே நாளில் மண்டப வாசலில் நிற்கிறது. போதாததற்குக் குடியரசு தின ஒத்திகை, ஊருக்கு நடுவில் சாலை அடைப்பு. பாங்க்வெட் ஹால்காரர்களுக்கோ கல்யாணம் என்றால் ராத்திரிதான். பாராத், அதாவது மாப்பிள்ளை ஊர்வலம், வந்து சேரவே ஒன்பது மணி ஆகும், சாப்பாடு நள்ளிரவைத் தாண்டியும் ஓடும். "காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முகூர்த்தம்" என்றதும் ஒரு மானேஜர், "சாயங்காலம் ஆறு மணிதானே சொல்கிறீர்கள்?" என்று இரண்டு தடவை கேட்டார். முதல் நாள் ராத்திரிப் பார்ட்டியின் தந்தூரி வாசனை போவதற்குள் நாங்கள் கோலம் போட்டாக வேண்டும்.

அந்த நிலையில்தான் சத்தர்பூர் பக்கம் ஒரு லான், திறந்தவெளிக் கல்யாணப் புல்வெளி, கிடைத்தது. மத்தியானம் மூணு மணிக்குப் போய்ப் பார்த்தோம். இளவெயில், பச்சைப் புல், ஓரமெல்லாம் சாமந்தி. ஊஞ்சலுக்கு இந்த மரத்தடி, காசி யாத்திரைக்கு அந்தப் பாதை என்று நான் மனசுக்குள் கல்யாணத்தையே நடத்திவிட்டேன். நாளைக்கு அட்வான்ஸோடு வருகிறோம் என்று இவர் ஆபீஸில் சொல்லிவிட்டு வந்தார்.

கேட்டைத் திறந்துவிட வந்த காவல்கார சௌகிதார் காருக்குப் பக்கத்தில் குனிந்தார். "கல்யாணம் ராத்திரியா, காலையிலா மாதாஜி?" என்று கேட்டார். காலை என்றதும் ஆபீஸ் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். "அப்படியென்றால் பணம் கட்டுவதற்கு முன்னால் விடியக்காலை அஞ்சு மணிக்கு ஒரு தடவை வந்து பாருங்கள். எனக்கு எட்டு மணி வரை டூட்டி" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் போனோம். காரின் விளக்கு வெளிச்சம் பனிமூட்டத்தில் மோதி எங்கள் மேலேயே திரும்பி விழுந்தது. கேட்டைத் தாண்டியே போய்விட்டுப் பின்னால் வந்தோம். அவர் எங்களைப் புல்வெளி நடுவில் போட்டிருந்த ஷாமியானாவுக்குள் அழைத்துப் போனார். மழையே இல்லை, ஆனால் துணிக்கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். "கம்பளத்தைத் தொட்டுப் பாருங்கள்" என்றார். பிழிந்தால் வரும் போலிருந்தது. பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து உரசிக் காட்டினார். ஒரு குச்சிகூடப் பற்றவில்லை. "நீங்கள் அக்னி வளர்ப்பீர்கள் இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

போன குளிர்காலத்தில் அங்கே நம்மவர் வீட்டுக் கல்யாணம் ஒன்று நடந்ததாம். விறகு புகைந்து எல்லோர் கண்ணிலும் தண்ணீர். ஒரு பாட்டிக்கு உதறல் எடுத்து, காருக்குள் உட்காரவைத்து ஹீட்டர் போட்டிருக்கிறார்கள். பேத்தி கழுத்தில் தாலி ஏறியதை அந்தப் பாட்டி பார்க்கவில்லை. "அதை நான் இங்கேதான் நின்று பார்த்தேன்" என்றார். என் மாமியாருக்கு வயது எண்பதுக்கு மேல். எனக்கு அதற்குமேல் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அவர் அதோடு விடவில்லை. கூரையும் சுவரும் உள்ள இடமாகப் பாருங்கள், சின்னதானாலும் பரவாயில்லை, கிழக்குப் பக்கம் ஜன்னல் இருக்கட்டும், முதல் நாள் ராத்திரி புக்கிங் இல்லாத ஹாலாக எடுங்கள் என்று வரிசையாகச் சொன்னார். அப்புறம் குரலை உயர்த்தி, "மணமகள் அறையில் குளிர்காயும் கரி அடுப்பை, அங்கீட்டியை, வைத்துக் கதவைச் சாத்திவிடாதீர்கள்" என்றார். மூடிய அறையில் அந்தப் புகை தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். ஒவ்வொரு குளிர்காலமும் இங்கே பேப்பரில் படிக்கிற செய்திதான், கல்யாண அவசரத்தில் யாருக்கு நினைவிருக்கிறது?

இவர் பணம் எடுத்து நீட்டினார்; வாங்கவில்லை. பிளாஸ்கில் இருந்த டீயை மட்டும் வாங்கிக்கொண்டார். உத்தராகண்டில் கட்வால் மலைக்காரர். பெயரை எழுதினால் வேலைக்கு ஆபத்து, அதனால் எழுதவில்லை. முதலாளிக்கு வரவேண்டிய புக்கிங்கையும் தனக்குக் கிடைத்திருக்கக்கூடிய இனாமையும் சேர்த்து விட்டுக்கொடுத்தவர் அவர். இரண்டு தலைமுறையாக டெல்லியில் இருக்கிற எங்களுக்கு அவரைவிட நெருங்கியவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இந்த ஒரு வார்த்தையை அவர்தான் சொன்னார்.

ஆர்.கே.புரம் பக்கத்தில், கடைசியில் கல்யாணம் நடந்த அந்தச் சின்ன ஹாலை எங்களுக்குப் பிடித்துக் கொடுத்தவர்களுக்கும், அதே நாளில் ஒன்பது, பத்தரை முகூர்த்தத்துக்கு மாற்றி, சம்பந்தி வீட்டாரையும் தானே பேசிச் சம்மதிக்க வைத்த சாஸ்திரிகளுக்கும் நமஸ்காரம். குளிரில் மாவு பொங்காதென்று அண்டாவுக்கு ரஜாய் போர்த்திக் காவல் இருந்த சமையல் மாமா, காஜிப்பூர் மண்டிக்கு இருட்டில் போய்ப் பூ வாங்கி வந்த பிள்ளைகள், பனியில் மணிக்கணக்காகத் தாமதமான தமிழ்நாடு எக்ஸ்பிரஸுக்காகப் புதுடெல்லி ஸ்டேஷனில் காத்துக் கிடந்த என் தம்பி, விருந்தாளிகளுக்குத் தன் வீட்டு மாடியையே திறந்துவிட்ட பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மா, பட்டுப்புடவைக்கு மேல் போர்த்திக்கொள்ளச் சால்வைகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்த மயூர் விஹார் தோழிகள்... யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் உரிமையோடு போன் பண்ணித் திட்டுங்கள்.

கல்யாணத்தன்று டூட்டி முடிந்து அவரும் வந்தார். கதவருகில் நின்றபடி முதலில் கேட்டது, "பாட்டிஜி உள்ளே இருக்கிறார்களா?" மாமியார் முதல் வரிசையில் மங்கி குல்லாவும் மடிசாருமாக உட்கார்ந்திருந்தார். கெட்டி மேளம் கொட்டினபோது எல்லோருக்கும் முன்னால் அட்சதை போட்டது அவர்தான். இலையில் சாம்பாரைப் பார்த்து ஸ்பூன் தேடிய சௌகிதாருக்குத் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து பிசைந்து காட்டினான். பால் பாயசத்தை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இனி டெல்லியில் தை, மாசியில் கல்யாணம் வைக்கிற நம்மவர் யாராயிருந்தாலும் என்னிடம் சொல்லுங்கள். மண்டபத்தை முடிவு செய்வதற்கு முன்னால் விடியக்காலை உங்களோடு நானும் வருகிறேன். தீப்பெட்டி உங்களுடையது, டீ என்னுடையது.

அன்புடன்,
கல்யாணப் பெண்ணின் அம்மா
மயூர் விஹார்