800 ரூபாய் மிச்சம்

ஆசிரியருக்கு,

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக் கணினியில் விண்டோஸ் அப்டேட் ஒரு மாதமாகப் பாதிவரை ஏறும். பிறகு மனம் மாறியதுபோல் பழைய நிலைக்கே இறங்கும். வில்லங்கச் சான்றுக்கு வந்த பெரியவர் அதுவரை வெயிலில் நிற்பார். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்ற, பழுது பார்ப்பவர் 800 ரூபாய் கேட்டார்.

பிளஸ் 2 படிக்கும் மகள்தான் கவனித்தாள்: விண்டோஸ் இருக்கும் சி டிரைவில் 3 ஜிபிதான் காலி; அப்டேட் ஏற அந்த இடம் போதவில்லை. அடைத்துக்கிடந்தவை வாடிக்கையாளர்களின் பழைய ஆதார் ஸ்கேன்கள். அவற்றை வைத்திருந்ததே என் தவறு. அழித்தோம். பிறகு பின்னணியில் ஓடும் அப்டேட் சேவையை நிறுத்தி, அப்டேட்டுகள் வந்து சேரும் 'சாப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன்' கோப்புறையின் டவுன்லோடு பகுதியில் அரைகுறையாக இறங்கிக் கிடந்தவற்றை நீக்கி, சேவையை மீண்டும் தொடங்கினாள். அன்றிரவே ஏறிவிட்டது.

இத்தகைய சிறு பழுதுகளுக்கு உங்கள் நாளிதழில் வாரம் ஒரு பத்தி ஒதுக்கலாமே!

– ஜெராக்ஸ் கடைக்காரர், மஞ்சக்குப்பம், கடலூர்