‘மீனோடு ஒற்றுமையாக வாழும்’ என்று விற்ற ஆமைகள் குறித்துப் புகார்

அனுப்புநர்: ஒரு வாடிக்கையாளர், பாளையங்கோட்டை
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர்,

போன வருஷம் ஆனித் தேரோட்டத்துக்கு வந்த பேரப்பிள்ளைகள் ஆசைப்பட்டார்களே என்று உங்கள் இணையக் கடையில் குளத்துத் தொகுப்பு ஒன்று வாங்கினேன். சிவப்புக் காது ஆமைக்குஞ்சு இரண்டு, தங்கமீன் பன்னிரண்டு, ஒரு ஃபில்டர். “மீன்களோடு ஒற்றுமையாக வாழும், கையடக்கமாகவே இருக்கும்” என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பெட்டியின் படமும் பில்லும் இணைத்துள்ளேன்.

எங்கள் புறவாசலில் கிணற்றடியை ஒட்டி ஒரு சிமெண்ட் தொட்டி உண்டு. பத்தடிக்கு ஆறடி, மூன்றடி ஆழம். வந்தபோது ஆமை ஒவ்வொன்றும் பத்து ரூபாய் நாணயம் அளவுதான். ஏழெட்டு மாதம் மீன்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் மீன்களின் வாலும் துடுப்பும் கிழிய ஆரம்பித்தன. நோய் என்று நினைத்து நான் கல்லுப்புப் போட்டுக்கொண்டிருந்தேன்! மாசியில் ஒருநாள் விடியற்காலை, வாசல் தெளிக்கத் தண்ணீர் எடுக்கப் போன என் மனைவி கூப்பிட்டாள்: “இங்க வாங்க, பாதி மீனுதான் கெடக்கு.” போய்ப் பார்த்தால் தலையும் முள்ளுமாக மிதக்கிறது, ஆமை முன்னங்கால் நகத்தால் பிடித்துக்கொண்டு மீதியைக் கிழிக்கிறது. சித்திரைக்குள் பன்னிரண்டும் காலி.

ஆமையைக் குறை சொல்லவில்லை. குட்டி ஆமைக்கு மாமிசத் தீனிதான் பிரதானம், வளர வளரத்தான் இலைதழை. அசைந்தாடி நீந்தும் தங்கமீன் அதற்கு லேசான இரை. விற்கிற உங்களுக்கு இது தெரியாதா? இவை ஓர் அடி வரை வளரும், முப்பது வருஷம் வரை இருக்கும். எனக்கு இப்போதே வயது 63.

ஏறி வெயில் காய ஒரு கல்லோ பலகையோ வேண்டும் என்றும் நீங்கள் சொல்லவில்லை. பாவம், மோட்டார் வயரில் தொற்றிக்கொண்டு கிடந்தன. ஃபில்டரில் 5000 லிட்டருக்கு என்று எழுதியிருக்கிறது. அது மீனுக்கான கணக்கு. ஆமைக் கழிவுக்கு அதைப்போல இரண்டு மடங்காவது வேண்டும். மூன்றே நாளில் தண்ணீர் நாறியது.

இதுவரை பொறுத்துக்கொண்டேன். உங்கள் சேவை எண்ணில் பேசியபோது கிடைத்த பதிலைத்தான் பொறுக்க முடியவில்லை. திருப்பி அனுப்பும் கெடு ஏழு நாளாம். ஆமை ஏழு நாளிலா மீனைத் தின்னும்? அதற்கு மேல், “பக்கத்துல ஆறு, குளம் இருந்தா விட்டுடுங்க சார்” என்றார்கள். பக்கத்தில் இருப்பது தாமிரபரணி. அமெரிக்காவின் மிசிசிப்பிப் பக்கத்து ஆமை இது. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் உள்ளது. ஆற்றில் விட்டால் வாய்க்கால் வழியே குளம் குளமாகப் போய், நம் ஊர் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். சம்பளம் வாங்கிக்கொண்டு இப்படி ஒரு யோசனை சொல்லலாமா?

ஆகவே, தொகுப்பின் முழு விலையையும் திருப்பித் தர வேண்டும். உங்கள் செலவிலேயே ஆமைகளைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். பெட்டியில் உள்ள அந்த வாசகத்தை நீக்க வேண்டும். ஆற்றில் விடச் சொல்வதை உங்கள் ஊழியர்கள் நிறுத்த வேண்டும். 15 நாளில் பதில் வராவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடுவேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், இரண்டு ஆண்டு அவகாசமும் இருக்கிறது.

அதுவரை ஆமைகளைத் தனித் தொட்டியில், நடுவில் ஒரு அம்மிக்கல்லைப் போட்டு வைத்திருக்கிறேன். எடுக்க வருகிறவரைப் பெரிய கூடையாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். நீங்கள் அனுப்பிய பெட்டியில் இப்போது ஒன்றுகூட அடங்காது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்