உங்கள் கேட்டில் கழியும் இரண்டு மணி நேரம்

சென்னை சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி, நாவலூர் பகுதி அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்க நிர்வாகிகளுக்கும் அங்கே குடியிருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

இந்தப் பகுதியில் ஆறு வருஷமாகப் பார்சல் டெலிவரி செய்கிறேன். உங்களில் பலருக்கு என் முகம் தெரியும், பெயர் தெரியாது. எனக்கு உங்கள் பெயர், பிளாக், வீட்டு எண் எல்லாம் தெரியும். எந்த வீட்டில் நாய் இருக்கிறது, எந்த வீட்டில் மதியம் கைக்குழந்தை தூங்கும், காலிங் பெல் அடிக்காமல் போனில் கூப்பிட வேண்டும் என்பதுவரை மனப்பாடம்.

இந்த மடலை எழுத வைத்தது ஒரு போர்டு. தினமும் நான் போகும் குடியிருப்பு ஒன்றில் சென்ற மாதம் லிஃப்ட் பக்கத்தில் புதிதாக மாட்டியிருக்கிறார்கள். டெலிவரி ஆட்களும் வீட்டு வேலை செய்பவர்களும் அந்த லிஃப்டில் ஏறக் கூடாதாம். எந்தக் குடியிருப்பு என்று சொல்லப்போவதில்லை. அங்கே எனக்கு மோர் கொடுத்த வீடுகளும் உண்டு. ஆனால் அந்தப் போர்டைப் பார்த்த அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. எங்கள் வேலை நாள் எப்படிப் போகிறது என்று தெரிந்திருந்தால் அதை மாட்டியிருக்க மாட்டீர்கள் என்று இப்போதும் நம்புகிறேன். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காலை ஆறே முக்காலுக்கு ஹப்பில், அதாவது கம்பெனியின் பார்சல் கிடங்கில், இருக்க வேண்டும். ராத்திரி லாரியில் வந்திறங்கிய மூட்டைகளைப் பிரித்து, ஏரியாவாரியாகக் குவித்து, ஆளுக்கு ஒரு குவியல் ஒதுக்குவார்கள். என் குவியலில் எழுபது, எழுபத்தைந்து பார்சல் இருக்கும். தீபாவளி, பொங்கல் சமயத்தில் நூற்றைத் தாண்டும். ஒவ்வொன்றையும் போனில் ஸ்கேன் செய்ய வேண்டும். நான் ஸ்கேன் செய்த மறு நொடியே, 'உங்கள் பார்சல் இன்று வருகிறது' என்று உங்கள் போனுக்குச் செய்தி வந்துவிடும். ஏழரை மணிக்கே, "தம்பி, எங்கே இருக்கீங்க?" என்று போன் வர ஆரம்பிப்பது அதனால்தான். அந்த நேரத்தில் நான் ஹப் தரையில் உட்கார்ந்து மார்க்கர் பேனாவால் எழுதிக்கொண்டிருப்பேன்.

ஸ்டிக்கரில் விலாசம் பொடி எழுத்தில் இருக்கும். வெயிலில், கை வியர்வையில் அதைப் படிக்க முடியாது. அதனால் ஒவ்வொரு கவர் மேலும் பெரிதாக 'பி 704', 'டி 1102' என்று எழுதிவிடுவேன். பிறகு அடுக்குவது. கடைசியாகக் கொடுக்க வேண்டியது பையின் அடியில், முதலில் கொடுக்க வேண்டியது மேலே. கனமானது முதுகுப் பக்கம், கண்ணாடிச் சாமான் நடுவில், இரண்டு துணிப் பார்சலுக்கு இடையில். பைக்கின் பின்சீட்டில் ஒரு பை, முன்னால் டேங்க் மேல் ஒரு பை, முதுகில் ஒன்று. இந்த அடுக்கு குலைந்தால் அன்றைய நாளே குலைந்துபோகும். ஒரு கேட்டில், "பையைத் திறந்து காட்டு" என்று சொல்லி எல்லாவற்றையும் வெளியே எடுக்க வைத்தால், திரும்ப அடுக்க எனக்குக் கால் மணி நேரம் ஆகும். அப்படி நடந்திருக்கிறது.

எனக்கு மாதச் சம்பளம் இல்லை. கையில் சேர்த்த பார்சல் ஒன்றுக்கு 14 ரூபாய். சேர்க்க முடியாமல் திரும்பி வந்ததற்கு ஒன்றும் இல்லை. பெட்ரோல் என் செலவு, நாளைக்கு இரண்டு லிட்டர். பைக்குக்கு இன்சூரன்ஸ், டயர், செயின் எல்லாம் என் கைக்காசு. இந்தக் கணக்கை ஏன் சொல்கிறேன் என்றால், என் நாளில் பத்துப் பன்னிரண்டு கேட் வருகிறது. ஒவ்வொரு கேட்டிலும் பத்து நிமிடம் நின்றால் இரண்டு மணி நேரம். அந்த நேரத்தில் நான் பதினைந்து பார்சல் சேர்த்துவிடுவேன். அதற்கு 210 ரூபாய். என் ஒரு நாள் பெட்ரோல் காசு அப்படியே உங்கள் கேட்டுகளில் நின்றுவிடுகிறது.

கேட்டில் என்ன நடக்கிறது என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. செக்யூரிட்டி அண்ணன் என் போன் நம்பரை ஆப்பில் அடிப்பார், போட்டோ எடுப்பார், எந்த வீடு என்று கேட்டு அனுமதி அனுப்புவார். அந்த வீட்டுக்காரர் மீட்டிங்கில் இருப்பார், அனுமதி வராது. போன் அடித்தால் எடுக்க மாட்டார். ஒரே குடியிருப்பில் ஆறு வீட்டுக்குப் பார்சல் இருந்தால் ஆறு அனுமதி வேண்டும். நாலு வந்துவிட்டது, இரண்டு வரவில்லை என்றால், "எல்லாம் வந்தப்புறம் உள்ளே போ" என்பவர்களும் உண்டு. நேற்று வந்தவன்தான், முந்தாநாள் வந்தவன்தான், ஆறு வருஷமாக வருகிறவன்தான். ஆனாலும் தினமும் புதுசாகப் போட்டோ.

செக்யூரிட்டி அண்ணன்களை நான் குறை சொல்லவில்லை. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் நிற்கிறார்கள், அவர்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். விதியை மீறி யாரையாவது உள்ளே விட்டால் போவது அவர்கள் வேலை. விதியை எழுதுவது நீங்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். பாதுகாப்பும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகள் எத்தனை என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? கேட்பது இதுதான்: தினமும் வருகிற எங்களைப் போன்றவர்களின் ஆதாரையும் ஹப் அடையாள அட்டையையும் ஒருமுறை சரிபார்த்து, மாதத்துக்கு ஒரு பாஸ் கொடுங்கள். ஒரு பதிவு போட்டால் அத்தனை வீட்டுக்கும் போய்வரலாம் என்று வையுங்கள். நாவலூர் பக்கம் ஒரு குடியிருப்பில் போன வருஷத்திலிருந்து அப்படித்தான் செய்கிறார்கள். அங்கே கேட்டில் எனக்கு ஒரு நிமிடம்கூட ஆவதில்லை.

இனி லிஃப்ட்.

பைக்கை வெளியே நிறுத்தச் சொல்வீர்கள், சரி. பையைத் தூக்கிக்கொண்டு கடைசி பிளாக் வரை நடப்பேன், அதுவும் சரி. ஆனால் ஒரு பிளாக்குக்கு மூன்று லிஃப்ட் இருந்தால் எங்களுக்கென்று விட்டிருப்பது ஒன்று. அதிலேதான் குப்பைத் தொட்டி, அதிலேதான் வீடு மாற்றுகிறவர்களின் பீரோ, கட்டில், அதிலேதான் டைல்ஸ், சிமெண்ட். அது பன்னிரண்டாவது மாடியில் நின்றுவிட்டால் இறங்கி வரப் பத்து நிமிடம். பக்கத்தில் இரண்டு லிஃப்ட் காலியாகக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். போன மே மாதம் கத்திரி வெயிலில் அந்த ஒரு லிஃப்டும் ரிப்பேர். பதினைந்து கிலோ நாய்த் தீனி மூட்டையைத் தோளில் போட்டு ஒன்பது மாடி ஏறினேன். ஆறாவது மாடியில் கண் இருட்டிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேலே அந்த வீட்டம்மா கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்துப் பதறி, "லிஃப்ட்ல வர வேண்டியதுதானேப்பா?" என்று கேட்டார்கள். அவர்களுக்கு அந்த விதி இருப்பதே தெரியாது. பலருக்கும் தெரியாது. கமிட்டியில் நாலைந்து பேர் சேர்ந்து போட்ட விதி அது.

எங்கள் ஊர் திண்டிவனம் பக்கம். டீக்கடையில் தனிக் குவளை வைத்திருந்த காலத்தை என் அப்பா பார்த்தவர். சிரட்டையில் டீ வாங்கிக் குடித்துவிட்டு வெளியே நின்ற கதையை அவர் ஒரே ஒருமுறை சொன்னார், அதற்கு மேல் சொல்ல மாட்டார். உங்கள் கமிட்டி சாதி பார்த்துப் போர்டு வைத்தது என்று நான் சொல்லவில்லை. நெரிசல், சுத்தம் என்று காரணம் சொல்வீர்கள். ஆனால் அந்தப் போர்டின் முன்னால் நிற்கும்போது எனக்கு அப்பாவின் முகம்தான் ஞாபகம் வந்தது. உங்கள் பிள்ளைகளும் அந்த லிஃப்டுக்கு நிற்கும்போது அதைப் படிக்கிறார்கள். தயவுசெய்து அதைக் கழற்றிவிடுங்கள். பீரோ, சிமெண்ட் மூட்டைக்குத் தனி லிஃப்ட் வைப்பதில் நியாயம் இருக்கிறது. மனிதர் விஷயத்தில் எது முதலில் வருகிறதோ அதில் ஏறட்டும்.

தண்ணீர், கழிவறை பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஹப்பில் இரண்டு பெண்கள் ஸ்கூட்டரில் டெலிவரி செய்கிறார்கள். அதில் ஒரு அக்கா காலையில் வீட்டில் டீ குடித்தால் மதியம் வீடு திரும்பிச் சாப்பிடும் வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். குடித்தால் எங்கே போவது? பெட்ரோல் பங்க் கழிவறை பாதி நாள் பூட்டியிருக்கும். போன கோடையில் அவருக்கு நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலாகி ஒரு வாரம் படுத்துவிட்டார். அந்த ஒரு வாரமும் அவருக்கு வருமானம் இல்லை. 2025இல் மாநகராட்சி அண்ணா நகரில் எங்களைப் போன்றவர்களுக்காகக் குளிரூட்டிய ஓய்வறை திறந்தது. மனதார வரவேற்கிறேன். ஆனால் சோழிங்கநல்லூரில் இருப்பவர் அதற்காக அண்ணா நகர் போக முடியாது. உங்கள் ஒவ்வொரு குடியிருப்பிலும் கேட்டுக்குப் பக்கத்தில் செக்யூரிட்டிகளுக்கும் டிரைவர்களுக்கும் என்று கழிவறை ஏற்கெனவே இருக்கிறது. அதை எங்களுக்கும் திறந்துவிடச் சொன்னால் போதும். கூடவே ஒரு குடிதண்ணீர் கேன்.

இன்னொன்று, உங்களில் பலர் நல்ல மனதோடு சொல்கிற ஒரு வார்த்தை: "செக்யூரிட்டிகிட்ட குடுத்துட்டுப் போங்க தம்பி." எனக்கும் அது சுலபம்தான். ஆனால் ஒருமுறை அப்படிக் கொடுத்துவிட்டுப் போன ஒரு பார்சல் மாலைக்குள் காணாமல் போய்விட்டது. கொடுக்கச் சொன்னவர் மறந்துவிட்டு, 'பார்சல் வரவில்லை' என்று புகார் போட்டார். என் கணக்கிலிருந்து 2,300 ரூபாய் பிடித்தார்கள். போனில் சொன்னதற்கு என்னிடம் சாட்சி இல்லை. அன்றிலிருந்து, ஆப்பிலேயே எழுதி அனுப்புங்கள் என்று கேட்கிறேன். சிலர் கோபப்படுகிறார்கள். கோபப்படாதீர்கள். ஓடிபி கேட்பதும் அதற்குத்தான். முடிந்தால் கேட் பக்கத்தில் ஒரு சின்ன அறை ஒதுக்கி, யார் வைத்தது, யார் எடுத்தது என்று எழுத ஒரு நோட்டும் வையுங்கள். பகலில் ஆள் இல்லாத வீடுகளுக்கு நான் இரண்டாவது நாளும் மூன்றாவது நாளும் ஏறி இறங்க வேண்டியிருக்காது.

சாயங்காலம் ஹப்புக்குத் திரும்பி, திரும்பிய பார்சல்களை ஸ்கேன் செய்து ஒப்படைத்து, கையில் வாங்கிய பணத்தைக் கணக்குக் கட்ட வேண்டும். இப்போது பாதிப் பேர் க்யூஆர் ஸ்கேன் செய்துவிடுகிறார்கள், பெரிய நிம்மதி. கணக்கில் நூறு ரூபாய் குறைந்தாலும் என் பாக்கெட்டிலிருந்துதான். எல்லாம் முடித்து வீடு சேர எட்டு ஆகும்.

எங்கள் கூலி, விபத்து, இன்சூரன்ஸ் பற்றி உங்களிடம் கேட்கவில்லை. 2023 டிசம்பரில் தமிழக அரசு எங்களுக்கென்று தனி நல வாரியம் அமைத்தது. நானும் பதிந்திருக்கிறேன். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. கம்பெனிகள் தங்கள் ஆண்டு விற்றுமுதலில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை எங்களுக்கான நிதிக்குக் கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்தப் பணம் எங்கள் கைக்கு எப்போது, எப்படி வரும் என்பதை அரசிடமும் கம்பெனியிடமும் கேட்டுக்கொள்கிறோம். லிஃப்ட், கேட், கழிவறை மூன்றும் அப்படி இல்லை. அதற்குச் சட்டம் வர வேண்டியதில்லை, பட்ஜெட் வேண்டியதில்லை. உங்கள் சங்கத்தில் ஒரு தீர்மானம் போதும்.

மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பெரும்பாக்கம், பள்ளிக்கரணை எல்லாம் தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்து ஹப் திறந்த முதல் நாள், முழங்கால் சேற்றில் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தேன். பையில் ஒரு பெரியவருக்குச் சர்க்கரை மாத்திரை இருந்தது. கேட்டில் யாரும் என்னை நிறுத்தவில்லை, போட்டோ எடுக்கவில்லை. செக்யூரிட்டி அண்ணனே முன்னால் ஓடிப்போய் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது இப்போது போர்டு மாட்டியிருக்கும் அதே லிஃப்ட்தான்.

உங்கள் கூட்டம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கும் என்று நோட்டீஸ் போர்டில் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு ஞாயிறும் வேலை நாள்தான். ஆனாலும் கூப்பிட்டால் வருகிறேன். அந்த அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பத்து நிமிடம் கொடுங்கள், இதையெல்லாம் நேரில் சொல்கிறோம்.

இப்படிக்கு,
600119 பின்கோடில் உங்கள் பார்சலைக் கொண்டுவரும் ஒருவன்