பெற்றோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பிள்ளைகளின் மனச்சோர்வு பற்றிய கலந்துரையாடல்களை மட்டும் நான் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

"என் பையன் அழுவதே இல்லை, எரிந்து எரிந்துதான் விழுகிறான், இது எப்படி மனச்சோர்வாகும்?" என்று முதல் கூட்டத்தில் ஒரு தாய் கேட்டார். பேச வந்திருந்த மனநல மருத்துவர் அதையே பிடித்துக்கொண்டார். பிள்ளைகளுக்குச் சோகத்துக்குப் பதில் சிடுசிடுப்பு வருவது உண்டு. அதுவோ, எதிலும் நாட்டமில்லாத நிலையோ 2 வாரமாவது நீடித்து, தூக்கம், பசி, படிப்பில் கவனம் எல்லாம் கெட்டிருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் வயிற்றுவலி, தலைவலி என்றுதான் சொல்வார்கள். சோதித்தால் ஒன்றும் இருக்காது. "பள்ளிக்குப் போகாமல் இருக்க நடிப்பு" என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அதேசமயம் ரத்தசோகை, தைராய்டு கோளாறு போன்றவையும் சோர்வைத் தரும் என்பதால், உடல் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது.

சிகிச்சை பற்றிய கூட்டத்தில்தான் வாக்குவாதம். மாத்திரை என்றாலே பாதிப் பேருக்குப் பயம். லேசான சோர்வுக்குப் பேச்சுவழிச் சிகிச்சையிலிருந்தே தொடங்குவார்கள், வீட்டாரையும் அதில் சேர்த்துக்கொள்வார்கள் என்றதும் கொஞ்சம் அடங்கினார்கள். 12 முதல் 17 வயதுவரை உள்ள 439 பேரிடம் நடந்து 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 12 வாரங்களில் மருந்தும் பேச்சும் சேர்ந்து பெற்றவர்களில் 71 விழுக்காட்டினர் நன்கு தேறினர். மருந்து மட்டும் 61, பேச்சு மட்டும் 43, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை 35. கொடுத்தது ஃப்ளூவாக்ஸெடின் என்ற மனச்சோர்வு மருந்து. பயத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை: இவ்வகை மருந்துகள் சில இளையோரிடம் தற்கொலை எண்ணத்தைக் கூட்டலாம் என்று அதே ஆண்டு அங்கே அரசு எச்சரிக்கை வந்தது. அதனால் தொடக்க வாரங்களில் பிள்ளையைக் கண்காணிக்க வேண்டும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், நாமாக நிறுத்தவும் கூடாது.

"சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிட மாட்டோமா என்றார் ஒருவர். அப்படி ஆகாது, கேட்பதுதான் நல்லது என்றார் மருத்துவர். என்னைப் பொறுத்தவரை ஆண்டின் மிக உபயோகமான பதில் அதுதான்.

ஒரு குறை. அப்பாக்கள் வருவதில்லை; வந்தவர்களும் தேநீர் நேரத்தில் நழுவினார்கள்! அப்புறம், கூட்டங்களை ஞாயிற்றுக்கிழமை காலைக்கு மாற்றச் செயற்குழு பரிந்துரைக்கிறது. ஆசிரியர்களையும் அழைக்கலாம் என்பது என் யோசனை. இரண்டையும் உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்