தலைமாட்டில் நூலகம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பற்றிய கட்டுரையில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்திருந்தது. அது போதாது.

அன்றைய அமெரிக்கக் கல்லூரிகள் பெரும்பாலும் திருச்சபைகளின் கையில் இருந்தன. 1819-இல் முன்னாள் அமெரிக்க அதிபர் தாமஸ் ஜெபர்சன் நிறுவிய இந்த அரசுப் பல்கலைக்கழகத்திலோ இறையியலுக்குப் பேராசிரியரே இருக்கவில்லை. வளாகத்தின் தலைமாட்டில், வழக்கமாகத் தேவாலயம் நிற்கும் இடத்தில், ரோமின் பழங்காலக் கோயிலான பாந்தியனைப் பார்த்து வடிவமைத்த வட்ட மண்டபம். அதன் குவிமாடத்தின் கீழ்தான் அன்று நூலகம் இருந்தது. புல்வெளியின் இரு பக்கமும் பேராசிரியர் வீடுகளும் மாணவர் அறைகளும் கலந்தே இருக்கும். என்ன படிப்பது என்பதை அன்று மாணவரே தேர்ந்தெடுக்க முடிந்தது. உண்மை எங்கே கூட்டிப்போனாலும் பின்தொடர இங்கே அஞ்ச மாட்டோம் என்று 1820-இல் ஒரு கடிதத்தில் எழுதினார் ஜெபர்சன். தன் கல்லறைக் கல்லில் அதிபர் பதவியை விட்டுவிட்டு, இந்தப் பல்கலைக்கழகத்தின் தந்தை என்று பொறிக்கச் சொன்னவர் அவர்.

சரி, இந்தக் கட்டடங்களின் செங்கற்களைச் சுட்டுச் சுமந்தது யார்? அடிமைகள். தாங்கள் எழுப்பிய வகுப்பறையில் உட்கார அவர்களுக்கு இடமில்லை. முதல் கருப்பின மாணவர் சேர்ந்தது 1950-இல்தான். இதை விட்டுவிட்டு இலட்சியங்களை மட்டும் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்த அடிமைத் தொழிலாளர்களுக்கான நினைவுச்சின்னம் 2020-இல் அதே வளாகத்தில் கட்டி முடிக்கப்பட்டது. அடுத்த கட்டுரையில் அதையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்