கீபோர்டு சாகலைடா

மாப்ளே,

எட்டு மாசமா உன் மெயில் எதுக்கும் பதில் போடல. திட்டறதா இருந்தா பொங்கலுக்கு வந்து நேர்ல திட்டு. இங்க எல்லாரும் நல்லாருக்கோம். மீசை இப்பவும் உன்னைப் பார்த்தா அந்த நூறு ரூபாயக் கேக்கணும்னு சொல்லிட்டுத் திரியறாரு.

விஷயம் வேற. அப்பாவுக்கு மறதி ஜாஸ்தியாயிடுச்சு. காலைல சாப்பிட்டது நினைவில்ல, ஆனா சின்ன வயசுல வாய்க்கால் முறைக்கு ராத்திரி முழுக்கக் காவல் கெடந்ததை வரிவரியா சொல்றார். தினமும் சாயங்காலம் அவர் சொல்லச் சொல்ல நான் அந்தப் பழைய உபுண்டு லினக்ஸ் லேப்டாப்ல, விம்ங்கற எடிட்டர்ல தட்டிட்டு வரேன். மறுபடி சொல்லுங்கன்னா கதை மாறிடுது, ஆளே மாறிடறாங்க. அதனால ஒரு தடவை சொன்னதுதான் கணக்கு.

சனிக்கிழமை நல்லா வேகமெடுத்து சொல்லிட்டிருக்கும்போது திரை அப்படியே உறைஞ்சுபோச்சு. எந்தக் கீயும் வேலை செய்யல. கேப்ஸ்லாக் லைட்டுகூட எரியல. பவர் பட்டன் மேல விரலையே வச்சுட்டேன். லேப்ல நீ "கைய ஒடிச்சிடுவேன்"னு கத்தினது காதுல கேட்டுச்சு, எடுத்துட்டேன்.

கீபோர்டை எக்ஸ்கிட்டயிருந்து (திரையில படம் காட்டற புரோகிராம்) பிடுங்கற உன் மந்திரம் ஞாபகம் வந்துச்சு: ஆல்ட், சிஸ்ஆர்க்யூ, ஆர் மூணையும் சேர்த்து அழுத்தறது. ஒண்ணும் நடக்கல. உன்னைத் திட்டிக்கிட்டே போன்ல டெர்மக்ஸைத் (கமாண்ட் அடிக்கற ஆப்) திறந்து, லேப்டாப்புக்குள்ள தூரத்திலிருந்தே நுழையற எஸ்எஸ்எச் அடிச்சேன். உள்ள விட்டுச்சு! சிஸ்டத்தோட உயிர்நாடியான கெர்னல் உயிரோடதான் இருந்திருக்கு. எக்ஸ் சர்வர்தான் சிபியுவை நூறு சதவீதம் தின்னுட்டு முரண்டு பிடிச்சது. புரோகிராமை நிறுத்தற சாதாரண கில் கமாண்டைக் கேக்கல, கேள்வி கேக்காம கொல்ற மைனஸ் ஒன்பது போட்டேன்.

அங்கதான் புத்தி கெட்டது. எக்ஸ் செத்தும் கீபோர்டு திரும்பல. எக்ஸ் கிளம்பும்போதே 'இனி கீயைத் தொடாதே, நான் பாத்துக்கறேன்'னு கெர்னல்கிட்டயிருந்து கீபோர்டை வாங்கிக்குது. ஒழுங்கா மூடினா திருப்பிக் குடுத்துட்டுப் போகும். ஒரே போடா போட்டுத்தள்ளினா யாரு குடுக்கறது? கேப்ஸ்லாக் லைட்டும் அதோட பொறுப்புதான். அதனால லைட் எரியலைன்னா மெஷின் செத்துடுச்சுன்னு அர்த்தமில்ல. தானா மினுக்கு மினுக்குன்னு அடிச்சாதான் கெர்னல் பேனிக், அதாவது கெர்னலே விழுந்துடுச்சுன்னு அர்த்தம்.

ரூட்டா (முழு அதிகாரத்தோட) கீபோர்டைப் பழையபடி மாத்தற 'கேபிடி மோட் மைனஸ் யூ' கொடுத்தேன். கீபோர்டு உபயோகமில்லாம போயிடலாம், மைனஸ் எஃப் போட்டு வற்புறுத்துன்னு எச்சரிக்கை வந்துச்சு பாரு, ராத்திரி பதினோரு மணிக்கு தனியா சிரிச்சேன்! இன்னும் கெட என்னடா இருக்கு? எஃப் போட்டேன். அப்புறம் வேற கன்சோல் திரைக்குத் தாவ 'சிஎச்விடி 2'. லாகின் வந்துச்சு, கேப்ஸ்லாக்கும் எரிஞ்சுது.

கதை போச்சோன்னு கை நடுங்கிட்டுதான், சேவ் பண்ணாததை மீட்கற 'விம் மைனஸ் ஆர்' அடிச்சேன். விம் ஓரமா வச்சுக்கற தற்காலிக ஸ்வாப் ஃபைல் இருந்துச்சு. இருநூறு எழுத்துக்கு ஒருதரம், இல்லைன்னா நாலு செகண்ட் சும்மா இருந்தா, விம் தானா அதுல எழுதி வச்சுக்குதாம். கடைசி வரி, "மடைய அடைச்சிட்டு அண்ணன்" வரைக்கும் அப்படியே இருக்கு.

உன் மந்திரம் ஏன் பலிக்கலைன்னு அடுத்த நாள்தான் பார்த்தேன். எந்தெந்த மந்திரக் கீயை அனுமதிக்கலாம்னு சொல்ற செட்டிங், கெர்னல் டாட் சிஸ்ஆர்க்யூ, இந்த மெஷின்ல 176. அதாவது 128, 32, 16 மூணோட கூட்டல்: ரீபூட், டிஸ்க்கை ரீட் ஒன்லி ஆக்கறது, சிங்க் (மெமரில நிக்கறதை டிஸ்க்ல எழுதறது), அவ்வளவுதான். கீபோர்டுக்கான 4 அதுல இல்ல. இன்னொரு லினக்ஸான டெபியன்ல 438, அதுல அந்த 4 உண்டு. நீ காலங்காலமா டெபியன்காரன், உனக்கு எங்க தெரியும்! 180 ஆக்கிட்டேன். ஆனா ஒண்ணு, இப்ப அதே 4ல, ஆர் மட்டுமில்ல, கேயும் வேலை செய்யும், ஆல்ட் சிஸ்ஆர்க்யூவோட கே அழுத்தினா அந்தக் கன்சோல்ல ஓடறதெல்லாம் காலி. வீட்டுக் குட்டிகள் கிட்ட சொல்லிடாதே.

"மடைய அடைச்சிட்டு அண்ணன் என்ன பண்ணார்பா?"ன்னு மறுநாள் கேட்டேன். "எந்த அண்ணன்?"ங்கறார். உனக்கு அவர் மேல அலாதிப் பிரியம், நீ வந்து கேட்டா ஒருவேளை சொல்வாரு. டிக்கெட் போட்டுட்டு சொல்லு.

உன்
லேப் பார்ட்னர்